‘ஊகிக்காமல் முடியாது’ என்று புகார் வந்தால்: புதிரை மாற்றுவதா, உதவியைச் சேர்ப்பதா?

“இந்த லெவலை ஊகிக்காமல் முடிக்கவே முடியாது. தயவுசெய்து சரிபாருங்கள்.”

தர்க்கப் புதிர் விளையாட்டு செய்கிற எவருக்கும் ஒருநாள் வந்தே தீரும் புகார் இது. எனக்கு 43-ம் லெவலுக்கு வந்தது. முதலில் ஒருவர் எழுதினார். பத்து நாள் கழித்து இன்னொருவர். அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று பேர்.

விளையாட்டு, எண் துப்புகளை வைத்துக் கட்டங்களை நிரப்பும் வகை. ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் எண்கள் இருக்கும். ‘4 3’ என்று இருந்தால் அந்த வரிசையில் தொடர்ச்சியாக நான்கு கட்டம் கறுப்பு, நடுவில் குறைந்தது ஒரு வெள்ளை, அதற்குப் பிறகு தொடர்ச்சியாக மூன்று கட்டம் கறுப்பு. குறுக்கு வரிசைகளுக்கும் நெடுக்கு வரிசைகளுக்கும் இப்படித் துப்புகள் உண்டு. 1980-களின் கடைசியில் ஜப்பானில் நோன் இஷிடா, டெட்சுயா நிஷியோ இருவரும் தனித்தனியாக உருவாக்கிய வகை இது. நோனோகிராம், பிக்ராஸ் என்ற பெயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

புகார் ஒன்றுதான். செய்யக்கூடியவை பல. புதிர் சரியாகத்தான் இருக்கிறது என்று விளக்கம் எழுதிவிட்டு அப்படியே விடலாம். 43-ஐ மாற்றலாம். தப்பான கட்டத்தை நிரப்பியதுமே அதைச் சிவப்பாகக் காட்டலாம். ஹிண்ட் பட்டன் வைக்கலாம். ‘இப்படி வைத்துப் பார்க்கிறேன்’ என்று தற்காலிகமாகக் குறித்து, வேண்டாமென்றால் மொத்தமாக அழிக்கும் வசதி கொடுக்கலாம். எழுதியவர்களே ஆளுக்கொரு தீர்வும் சொல்லியிருந்தார்கள்.

நான் எடுத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 43-ஐ இடம் மாற்றினேன். விடையைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லும் ஹிண்ட் செய்தேன். தப்பை உடனுக்குடன் காட்டுவதைச் செய்யவில்லை. தர்க்கப் புதிர் விளையாட்டு தன்னை எடுத்து ஆடுகிறவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: யோசித்தால் கிடைக்கும். எந்த வழி அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது, எது ஓசையில்லாமல் அதை உடைக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த ஐந்தையும் எடைபோட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது, புகார் உண்மையா என்பதை.

மூன்று வகை ‘ஊகம்’

ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, புதிருக்கே இரண்டு விடை இருப்பது. இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வரிசைக்கும் துப்பு ‘1’ மட்டும். மேலே இடப்பக்கக் கட்டமும் கீழே வலப்பக்கக் கட்டமும் கறுப்பாக இருக்கலாம். மேலே வலதும் கீழே இடதும் கறுப்பாக இருந்தாலும் துப்புகள் அத்தனையும் பொருந்தும். எவ்வளவு யோசித்தாலும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கிடைக்காது. பெரிய புதிருக்குள் இந்த நான்கு கட்டம் எங்காவது ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் அது பக், அதாவது விளையாட்டிலேயே உள்ள பிழை. ஒப்பிட ஒன்றுமில்லை, அன்றே திருத்திவிட வேண்டும்.

இரண்டாம் வகை, விடை ஒன்றுதான். ஆனால் அதை அடையும் வழி மனிதர் நடக்கிற வழியாக இல்லை. இங்கேதான் நான் சறுக்கினேன். என் புதிர் உருவாக்கும் நிரல் ஒவ்வொரு புதிரையும் வெளியிடும் முன் அதற்கு ஒரே விடைதானா என்று சோதித்தது. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? கணினி ஒரு கட்டத்தைக் கறுப்பு என்று வைத்துப் பார்க்கும், முட்டிக்கொண்டால் திரும்பி வந்து வெள்ளை என்று வைக்கும், இப்படி ஆயிரக்கணக்கான முறை போய்ப் போய்த் திரும்பும். கடைசியில் ‘விடை ஒன்றே’ என்று சொல்லும். அதாவது, ஊகித்து ஊகித்தே அது அந்தப் பதிலுக்கு வந்திருக்கிறது. எந்த அளவிலும் இருக்கக்கூடிய நோனோகிராமைத் தீர்ப்பது கணினிக்கே கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று உவேடா, நகாவோ என்ற ஆய்வாளர்கள் 1996-லேயே காட்டிவிட்டார்கள். விடை ஒன்றுதான் என்பது தெரிந்தால், அதற்குப் போகும் பாதை சுலபம் என்று தெரிந்ததாகாது. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்து 60 லெவல்கள் வெளியிட்டுவிட்டேன்.

மூன்றாம் வகை, வழி இருக்கிறது, ஆடுகிறவர் கண்ணில் இன்னும் படவில்லை.

இவற்றைப் பிரித்தறிய மனிதரைப் போலத் தீர்க்கும் இன்னொரு நிரல் எழுதினேன். விதி எளிமையானது. ஒரு வரிசையை மட்டும் எடு. அதன் துப்புக்குப் பொருந்தும் எல்லா அடுக்குகளையும் பார். எல்லாவற்றிலும் கறுப்பாக வரும் கட்டத்தைக் கறுப்பாக்கு. எல்லாவற்றிலும் வெள்ளையாக வரும் கட்டத்தில் பெருக்கல் குறி போடு. அடுத்த வரிசைக்குப் போ. புதிதாக எதுவும் கிடைக்காமல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய். இதை 60 லெவலிலும் ஓட்டியபோது 57 கடைசிவரை போயின. மூன்று நடுவில் நின்றன. அதில் 43-ம் ஒன்று. அங்கே ஒரு கட்டத்தைக் கறுப்பு என்று வைத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக ஏழு படி மனதில் போனால்தான் முரண்பாடு தெரியும். ‘அது ஊகம் இல்லையே, தர்க்கம்தானே’ என்று வாதாடலாம். கணித நோக்கில் அது சரிதான். ஆனால் போன் திரையைப் பார்த்துக்கொண்டு ஏழு படியை மனதில் நிறுத்துகிறவருக்கு அது ஊகமாகத்தான் படும். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஒன்றும் செய்யாமல் விளக்குவது

இந்த வழியைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். மூன்றாம் வகைப் புகாருக்கு விளக்கம் நல்ல பதில். இரண்டாம் வகைக்கு விளக்கம் சொன்னால் அது வாதம் ஆகிவிடும். வாதத்தில் நான் ஜெயித்தால் அவர் விளையாட்டை அழித்துவிடுவார்.

ஒரு நடுவழி மட்டும் இருக்கிறது: கடினத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது. சைமன் டாத்தம் என்ற நிரலாளர் இலவசமாக வெளியிட்டுவரும் புதிர்த் தொகுப்பில் சுடோகுவும் உண்டு. அதன் கடினப் படிகளில் கடைசியானதற்கு ‘நியாயமற்றது’ என்றே பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் படியில் வைத்துப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். தெரிந்தே உள்ளே போகிறவர் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார். என் 43-க்கு அப்படி ஒரு எச்சரிக்கையும் இல்லை. 42-க்கும் 44-க்கும் நடுவில், அவற்றைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

புதிரை மாற்றுவது

கேட்க எளிது. துப்பைச் சேர், சுலபமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நேர்க்கணக்கு எதுவும் இல்லை. சுடோகுவில் விடை ஒன்றே ஆக இருக்கக் குறைந்தது 17 எண்கள் தரப்பட வேண்டும் என்பதை 2012-ல் டப்ளினில் கேரி மெக்குவைர் குழு கணினி வழியாக நிறுவியது. அந்த 17 எண் புதிர்களிலேயே சாதாரணமாகப் போட்டுவிடக்கூடியவை நிறைய உண்டு. 25 எண் கொடுத்தும் மண்டையை உடைக்கும் புதிர்களும் உண்டு. எத்தனை துப்பு என்பதைவிட, சிக்குகிற இடத்தில் துப்பு இருக்கிறதா என்பதே முக்கியம். 43-ல் முதலில் ஒரு கட்டத்தைத் திறந்து கொடுத்துப் பார்த்தேன். என் நிரல் இன்னும் இரண்டு வரிசை போய் மறுபடி நின்றது. வேறொரு கட்டத்தைத் திறந்தேன். கடகடவென்று முழுப் புதிரும் அவிழ்ந்தது. அதுவும் நல்லதல்ல. கடைசிப் பாதியில் யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, ஏற்கெனவே வெளியான லெவலை மாற்றுவதில் இருக்கிறது. பாதி முடித்து வைத்திருப்பவரின் போனில் பழைய 43-ன் குறிகள் சேமிக்கப்பட்டிருக்கும். அப்டேட் வந்ததும் அந்தக் குறிகள் புதிய 43-ன் மேல் போய் உட்காரும். அவர் சரியாகக் குறித்த கட்டங்கள் எல்லாம் தப்பாகிவிடும். அவருக்குக் காரணமே தெரியாது. என் விளையாட்டு சேமிப்பை லெவல் எண்ணை வைத்துத்தான் வைத்திருந்தது. புதிர் ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு சேராத தனி அடையாளம் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், பின்னால் செய்வது பெரும்பாடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 43-ஐக் கஷ்டப்பட்டு முடித்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் இரண்டு இரவு உட்கார்ந்து போட்டதாக எழுதியிருந்தார், புகாராக அல்ல, சந்தோஷமாக. அந்தப் புதிரை அழித்தால் அவருடைய இரண்டு இரவையும் சேர்த்து அழித்ததாக ஆகும்.

அதனால் மாற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை. என் நிரல் நின்றுபோன மூன்று புதிர்களையும் ‘வைத்துப் பார்க்க வேண்டியவை’ என்ற தனித் தொகுப்புக்கு நகர்த்தினேன். முடித்தவர்களின் குறி அங்கேயும் கூடவே போனது. காலியான மூன்று இடத்திலும் புதிய புதிர்கள். உருவாக்கும் நிரலும் இனி மனித வழி நிரல் தேர்ச்சி கொடுத்தால்தான் புதிரை வெளியே விடும்.

தப்பை உடனே காட்டுவது

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். செய்வதற்கும் இதுதான் சுலபம். ஒரு மாலை நேர வேலை. விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒப்பிட்டுச் சிவப்பாக்கினால் போதும். கேட்கிறவர்களின் வருத்தமும் நியாயமானது. அரை மணி நேரம் போட்டபிறகு, தொடக்கத்திலேயே செய்த ஒரு தப்பால் எல்லாம் வீணானது என்று தெரியவரும் எரிச்சல் எனக்கும் தெரியும்.

பிரச்சினை இதுதான்: தப்பைக் காட்டுவதும் ஒரு துப்பு. ஒரு கட்டம் கறுப்பா வெள்ளையா என்று தெரியவில்லை. நிரப்பிப் பார்க்கிறேன். சிவப்பு வந்தால் வெள்ளை, வராவிட்டால் கறுப்பு. ஒரே ஒரு தொடுதல், முழு விடை. யோசிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும், தொடுவதற்கு ஒரு நொடி. நல்ல மனம் உள்ளவர்கூட மூன்றாவது லெவலிலேயே தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, விளையாட்டே அந்தப் பக்கமாகக் கையைப் பிடித்து இழுக்கிறது. ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று வந்த புகாருக்கு, ஊகத்தை மலிவாக்கிக் கொடுப்பது பதிலாகுமா?

எனக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் விளைவை அறிந்தே செய்தார்கள். 1995-ல் கேம்பாய் கருவிக்கு வந்த ‘மாரியோஸ் பிக்ராஸ்’ விளையாட்டில் 30 நிமிடம் கொடுத்துவிட்டு, தப்பாகக் கட்டத்தைச் செதுக்கினால் முதலில் 2 நிமிடம், அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 8 என்று கழித்துக்கொண்டார்கள். தப்பு தெரியவரும், ஆனால் விலை உண்டு. அதே ஆண்டு வந்த ‘மாரியோஸ் சூப்பர் பிக்ராஸ்’ இன்னும் ஒரு படி போனது: மாரியோ என்ற பாத்திரத்தின் புதிர்களில் பழைய முறை, வாரியோ என்ற இன்னொரு பாத்திரத்தின் புதிர்களில் தப்பைச் சொல்வதும் இல்லை, நேர வரம்பும் இல்லை. ஒரே விளையாட்டுக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் உதவிய எடுத்துக்காட்டு அதுதான்.

அந்த விலை வைக்கும் முறையை நானும் யோசித்தேன். வேண்டாமென்று விட்டதற்குக் காரணம் எனக்கு வந்த வேறு கடிதங்கள். இரவில் தூங்கும் முன் நிதானமாகப் போடுவதாகவும், கடிகாரம் ஓடாததால்தான் பிடித்திருக்கிறது என்றும் பலர் எழுதியிருந்தார்கள். கடிகாரத்தையும் தண்டனையையும் கொண்டுவந்தால் அவர்கள் ஆடுவது வேறு விளையாட்டாகிவிடும். விலை இல்லாமல் தப்பைக் காட்டினால் தர்க்கம் போய்விடும். ஆகவே இரண்டும் இல்லை.

ஊகத்தைச் சகித்துக்கொள்ள முடிகிற இடமும் உண்டு. விண்டோஸ் 3.1-ஓடு 1992-ல் வந்த மைன்ஸ்வீப்பரில் (ஒளிந்திருக்கும் வெடிகளைத் தொடாமல் கட்டங்களைத் திறக்கும் விளையாட்டு) கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சி, எதில் வெடி என்று சொல்லவே முடியாத நிலை அடிக்கடி வரும். மக்கள் ஒன்றைத் தொட்டார்கள், வெடித்தால் அடுத்த ஆட்டம் தொடங்கினார்கள். ஒரு ஆட்டத்துக்குச் சில நிமிடம்தான், போனால் போகட்டும். அப்படியிருந்தும் டாத்தமின் தொகுப்பில் உள்ள மைன்ஸ் விளையாட்டு, முதல் கட்டத்தைத் தொட்ட பிறகே வெடிகளை அடுக்கி, அங்கிருந்து ஊகமே இல்லாமல் முடிக்க முடியும் என்று உறுதிப்படுத்திவிட்டுத்தான் ஆட்டத்தைத் தருகிறது. ஒருவர் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறாரோ அவ்வளவுக்கு ஊகம் வலிக்கும். என் 15-க்கு 15 புதிர்கள் 40 நிமிடம் பிடிப்பவை.

சிவப்பைப் பற்றி ஒன்று. நீங்கள் தப்பைக் காட்டுவது என்றே முடிவு செய்தாலும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12-ல் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. குறியின் வடிவமும் மாற வேண்டும்.

தற்காலிகக் குறி

நல்ல வசதி, செய்யவும் செய்தேன். ‘சோதனை’ பட்டனை அழுத்திவிட்டுப் போடும் குறிகள் சாம்பல் நிறத்தில் வரும். முரண்பட்டால் ஒரே தொடுதலில் அவை மட்டும் அழியும். தனித் தொகுப்புக்குப் போன அந்த மூன்று புதிர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் 43-ஐ அதன் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு இதை மட்டும் கொடுத்திருந்தால், ‘ஆமாம், ஊகிக்க வேண்டியதுதான், இந்தாருங்கள் அழிப்பான்’ என்று சொன்னதாகியிருக்கும்.

ஹிண்ட்: விடையா, காரணமா

என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குப் போனது, போனது சரி என்றே நினைக்கிறேன்.

சாதாரணமாக விளையாட்டுகளில் வரும் ஹிண்ட், ஏதாவது ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பிக் கொடுக்கும். சிக்கியவர் நகர்ந்துவிடுவார். ஆனால் அடுத்த லெவலில் அதே இடத்தில் அதே மாதிரி சிக்குவார், ஏனென்றால் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மறுபடி ஹிண்டைத் தொடுவார். முடித்த பிறகும் ‘நான் போட்டேன்’ என்ற நிறைவு அவருக்கு இருக்காது.

28-ம் லெவலுக்கும் எனக்கு இரண்டு புகார் வந்திருந்தது. அது மூன்றாம் வகை, வழி இருந்தது. பத்துக் கட்டம் உள்ள ஒரு வரிசை, துப்பு ‘4 3’, இன்னும் எதுவும் நிரப்பவில்லை. பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது என்றுதான் தோன்றும். இப்போது இரண்டு தொகுதியையும் இடது ஓரமாக நெருக்கி வையுங்கள்: நான்கு 1 முதல் 4 வரை, மூன்று 6 முதல் 8 வரை. அடுத்து வலது ஓரமாக நெருக்குங்கள்: நான்கு 3 முதல் 6 வரை, மூன்று 8 முதல் 10 வரை. நான்கு எங்கே நகர்ந்தாலும் 3, 4 இரண்டு கட்டமும் அதற்குள் அகப்படும். மூன்று எங்கே நகர்ந்தாலும் 8 அகப்படும். ஒன்றுமே தெரியாத வரிசையிலிருந்து மூன்று கறுப்புக் கட்டம் உறுதியாகிவிட்டது.

இதை ஒருமுறை பார்த்தவர் பிறகு எல்லா வரிசையிலும் தானே பார்ப்பார். அதனால் ஹிண்டை மூன்று படியாகச் செய்தேன். முதல் தொடுதலில் வரிசை மட்டும் லேசாக ஒளிரும்: இங்கே பாருங்கள், இங்கே ஏதோ இருக்கிறது. முக்கால்வாசி நேரம் எனக்கே அது போதுமாக இருந்தது. இரண்டாவது தொடுதலில் காரணம் வரும்: தொகுதிகள் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நிழலாகத் தெரியும், ‘இரண்டிலும் கறுப்பாக வரும் கட்டங்கள் எவை?’ என்று கேட்கும். மூன்றாவது தொடுதலில்தான் கட்டம் நிரம்பும்.

காரணம் சொல்லும் ஹிண்டுக்குக் காரணம் தெரிந்த நிரல் வேண்டும். விடைப் பட்டியல் போதாது. அந்த நிரலைத்தான் நான் புகாரைச் சோதிக்க ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதோடு ஒரு கட்டுப்பாடும் தானாக வந்து சேர்ந்தது: எந்த இடத்தில் ஹிண்டால் காரணம் சொல்ல முடியவில்லையோ, அந்தப் புதிர் சாதாரண லெவலில் இருக்கக்கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் நன்றாகச் சிக்கினேன். ஆடுகிறவர் ஏற்கெனவே ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியிருந்தால் ஹிண்ட் என்ன சொல்லும்? பலகையில் இருப்பதை நம்பிக் காரணம் தேடினால் தப்பிலிருந்து இன்னும் பல தப்புகளை அழகாக நிரூபித்துக் கொடுக்கும். விடையை வைத்து ‘இந்தக் கட்டம் தப்பு’ என்று சொன்னால், வேண்டாமென்று தள்ளிவைத்த உடனடித் தப்புக்காட்டலே கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும். கடைசியில் செய்தது இது: ‘முன்னால் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது, சரியாக இருந்த கடைசி நிலைக்குத் திரும்பட்டுமா?’ என்று கேட்கும். சரி என்றால் அதுவரை செய்த குறிகளைப் பின்னோக்கி அழித்துக்கொண்டு போய், தப்பு நடந்ததற்குச் சற்று முன்னால் நிற்கும். நிற்குமிடம் அந்தக் கட்டம் எதுவென்று ஓரளவு காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது. அதனால் தப்புக்கு ஐந்து நகர்வு முன்னால் நிறுத்துகிறேன். அரை மணி நேர உழைப்பு வீணாவதும் நின்றது, தொட்டுத் தொட்டு விடை கறப்பதற்கும் வழியில்லாமல் போனது.

படத்தில் தெரிந்தது

இவ்வளவுக்கும் நடுவில், புகார் எழுதிய ஐந்து பேரிடமும் நின்ற இடத்தின் படத்தைக் கேட்டிருந்தேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மூன்று படங்கள் என் நிரல் நின்ற அதே இடத்தைக் காட்டின. மற்ற இரண்டும் வேறு. அவற்றில் நின்றுபோனதற்குக் காரணம் புதிர் அல்ல: ஒரு கட்டம் தப்பாக நிரம்பியிருந்தது. இரண்டிலும் அந்தக் கட்டம், சரியாக நிரப்பிய நீண்ட வரிசைக்கு ஒட்டினாற்போல் அடுத்த வரிசையில் இருந்தது. விரலால் இழுத்து நிரப்பும்போது கட்டைவிரல் சற்றே கீழே இறங்கியிருக்கிறது. அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு முரண்பாடு வந்தது, துப்புகள் பொருந்தவில்லை, ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்குத் தேவைப்பட்டது ஹிண்டும் அல்ல, புதிய புதிரும் அல்ல. இழுக்கத் தொடங்கிய வரிசையை விட்டு விரல் விலகினாலும் அந்த வரிசையிலேயே நிரப்பும்படி பூட்டினேன். இருபது வரிக்கும் குறைவான மாற்றம். அந்த அப்டேட்டுக்குப் பிறகு ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று பொதுவாக வரும் கடிதங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தன. என்ன கஷ்டம் என்று சொல்லத் தெரியாமல் எழுதாமலே போனவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ என்று இன்றும் மனதில் உறுத்துகிறது.

கடைசியாகப் பதில் கடிதம். முதலில் எழுதியவருக்கு இப்படி அனுப்பினேன்:

“வணக்கம். 43-ம் லெவலைப் பற்றி எழுதியதற்கும், கேட்டதும் படம் அனுப்பியதற்கும் நன்றி. நீங்கள் சொன்னது சரி. அந்தப் புதிருக்கு விடை ஒன்றுதான். ஆனால் நீங்கள் நின்ற இடத்திலிருந்து மேலே போக ஏழு படி வரை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண லெவல்களில் அப்படி இருக்காது என்றுதான் நீங்கள் நம்பியிருப்பீர்கள், அதைச் சோதிக்காமல் விட்டது என் தப்பு. அடுத்த அப்டேட்டில் அதைத் தனித் தொகுப்புக்கு மாற்றுகிறேன். நீங்கள் இதுவரை குறித்தது எதுவும் அழியாது. தப்பான கட்டத்தை உடனே காட்டும்படி கேட்டிருந்தீர்கள். அதைச் செய்யவில்லை, அதற்குப் பதிலாக, தப்பு நேர்ந்த இடத்துக்கு முன்னால் திரும்பிப் போகும் வசதி வருகிறது. போட்டுப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் எழுதுங்கள்.”

அப்டேட் வந்து நான்காம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. திரும்பிப் போகும் வசதி பிடித்திருக்கிறது, ஆனால் ஐந்து நகர்வு போதாது, பெரிய புதிர்களில் தப்புக் கட்டம் எது என்று எளிதாகத் தெரிந்துவிடுகிறது என்று எழுதி, 51-ம் லெவலின் இரண்டு படங்களை இணைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. 15-க்கு 15 புதிர்களில் அதைப் பன்னிரண்டாக்கி இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.